கைப்பிடி இல்லாத நாற்காலி

என் அறையில் கைப்பிடி வைத்த நாற்காலி நோயாளிக்கு, கைப்பிடி இல்லாதது எனக்கு. சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நான் வந்த புதிதில் செய்த முதல் மாற்றம் இதுதான். கை நடுங்குகிறவர்களும் ஓரிடத்தில் உட்கார முடியாமல் தவிக்கிறவர்களும் எதையாவது பிடித்துக்கொண்டால் கொஞ்சம் நிதானப்பட்டுப் பேசுவார்கள். டாக்டருக்குப் பிடித்துக்கொள்ள என்ன தேவை இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். பின்னாளில் அந்த மொட்டை நாற்காலிதான் என் வியாதியைக் காட்டிக்கொடுத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மனநல டாக்டருக்கே இப்படியா?" எனக்கு வந்தது நரம்பு வியாதி, மனநோய் அல்ல என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி வாய் வலித்துவிட்டது. மொத்தமாக எழுதிவிட்டால் ஆளுக்கொரு பிரதி கையில் கொடுத்து அனுப்பிவிடலாம். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். வியாதியைப் பற்றி நான் செய்த தப்பு அந்த வேலையிலிருந்து வந்தது.

எங்கள் ஊரில் மனசு சரியில்லாதவர்களைக் கோமதி அம்மன் சன்னதிக்கு அழைத்து வருவார்கள். அம்மனுக்கு முன்னால் தரையில் ஒரு சக்கரக் குழி இருக்கிறது. அதில் உட்காரவைத்து வேண்டிக்கொள்வார்கள். பிறகு கோயில் பிரசாதமான புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு, அதே ஆட்டோவில் என்னிடம் வருவார்கள். உச்சிகால பூஜை முடிந்த கையோடு என் வெளிநோயாளர் வரிசை நீண்டுவிடும். நான் தேவாலயத்துக்குப் போகிற குடும்பத்துப் பெண். ஆனாலும் அம்மன் அனுப்பிய கேஸ்களை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உலக மனநலம் என்ற துறையில் படிப்பதற்காக ஒரு வருடம் வெளிநாட்டில் இருந்தபோது, "கோயிலும் நீங்களும் போட்டியாளர்களா?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். இல்லை, எங்கள் இருவருக்கும் ஒரே ஆட்டோக்காரர் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது, ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

உலக மனநலம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மனநல மருத்துவர் கைக்கெட்டாத ஊர்கள்தான் உலகத்தில் அதிகம். அங்கே இருக்கிறவர்களை யார், எப்படிக் கவனிப்பது என்று யோசிக்கிற துறை அது. அங்கிருந்து நான் கொண்டுவந்த கேள்வித்தாளில் முதல் கேள்வி, "சமீப நாட்களில் சோகமாக உணர்ந்தீர்களா?" என்பது. குருவிகுளத்தில் ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டேன். "சோகமா? அதுக்கெல்லாம் எங்கன நேரம் இருக்கு டாக்டரம்மா?" என்றாள். சரி, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டதும் மடை திறந்தது. "தலைக்குள்ள இரையுது. நெஞ்ச அடைக்கு. கால்ல ஊசி குத்துத மாதிரி இருக்கு. ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டே கெடக்கேன்." அவளுடைய சோகம் முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. கேள்விதான் தப்பு.

அன்றிலிருந்து என் கிறுக்கு ஆரம்பித்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் எந்த வார்த்தையில் கஷ்டத்தைச் சொல்கிறார்களோ அந்த வார்த்தையிலேயே கேள்விகளை எழுதினேன். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களில் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்த பெண்களைத் தேடிப் பிடித்து, வீடு வீடாகப் போய்ப் பேச்சுக்கொடுக்கப் பழக்கினேன். முதலில் வந்தவள் முப்பிடாதி. தையல் தைக்கிறவள், எனக்கு ஒரு வயது இளையவள். வாய் ஓயாது பேசுகிறவளைக் கேட்கப் பழக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இளம் மருத்துவர்களுக்குப் பாடம் எடுக்கும்போதெல்லாம் நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: "கால்ல ஊசி குத்துதுன்னு வந்தா சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பாதீங்க. வீட்ல என்ன நடக்குன்னு கேளுங்க." இந்த வேலையைப் பற்றிப் பேச வெளிநாட்டு மாநாடு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பல நாட்டு ஆட்கள் வரும் பெரிய கூட்டம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து போயின. அதை மறந்தும்விட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில், செருப்பைப் போடும்போது உள்ளங்காலில் ஊசி குத்துவது போல் இருந்தது.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். எனக்கு மாநாட்டுப் பதற்றம் என்று நானே முடிவுசெய்துவிட்டேன். முடிவுசெய்தது மட்டுமா, சந்தோஷமும் பட்டேன். மேடையில் என்னையே உதாரணமாகச் சொல்லலாம், கைதட்டல் அள்ளும் என்று கணக்குப் போட்டேன். என் கணவர் சாமுவேல் பள்ளியில் வேதியியல் வாத்தியார். அவரிடம் சொன்னால் அவர் என் பாடத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"நீ ஊருக்கெல்லாம் சொல்லுவியே, அதே கேசுதான். பிளேன்ல ஏறதுக்கு முன்னாலயே காலு உதறுது. வீட்ல என்ன நடக்குன்னு நான் கேக்கணுமா?"

"கேளுங்களேன்" என்றேன்.

"வீட்ல ஒண்ணும் நடக்கல. சட்னிக்குத் தேங்கா இல்ல. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம். என் விரல் நுனிகளும் மரத்துப்போயிருந்தன. பேனாவைத் திறக்கச் சிரமமாக இருந்தது. அதற்கும் மூச்சுப் பயிற்சி செய்தேன்.

மறுநாள் வெளிநோயாளர் பிரிவில் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன். எழுந்திருக்க முடியவில்லை. இன்னொரு தடவை முயன்றேன். தொடைகள் இரண்டும் என்னுடையவை மாதிரியே இல்லை. வலி கிடையாது. சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். கைப்பிடி இருந்திருந்தால் கையை ஊன்றி எழுந்து, அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பேன். ஊன்ற ஒன்றும் இல்லாததால் மாட்டிக்கொண்டேன்.

சிஸ்டர் கோமதி வாசலில் நின்று, "என்ன டாக்டரம்மா, வீட்டுக்குப் போக மனசு இல்லையா?" என்றார். சிரித்தபடி கேட்டவர் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த அறைப் பொது மருத்துவரை ஓடிப்போய்க் கூட்டிவந்தார். அவர் வயதில் சின்னவர், என் வகுப்பில் உட்கார்ந்தவர். என் காலைத் தொங்கவிடச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். ரப்பர் தலை வைத்த சின்னச் சுத்தியல் அது. நல்ல நரம்பு என்றால் தட்டியதும் கால் தானாகத் துள்ள வேண்டும்.

துள்ளவில்லை.

"மறுபடி அடிங்க" என்றேன்.

அடித்தார். அடுத்த காலிலும் அடித்தார். இரண்டு கால்களும் சும்மா தொங்கின. பதற்றத்தில் இருக்கிறவருடைய முழங்கால் வழக்கத்தைவிட அதிகமாகவே துள்ளும். எம்.பி.பி.எஸ். படிக்கிற பிள்ளைக்கும் அது தெரியும். அவர் என்னைப் பார்த்தார், நான் சுத்தியலைப் பார்த்தேன்.

"மேடம், இப்பவே திருநெல்வேலிக்குக் கிளம்பணும்" என்றார்.

ஆம்புலன்ஸில் போகும்போது சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. "டென்ஷன்னு நானும் சேந்து சொல்லிட்டேனே எஸ்தரு" என்று திரும்பத் திரும்பப் புலம்பினார். மானூர் தாண்டும்வரை அவரைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தது நான்தான்.

வியாதியின் பெயர் கியான்-பாரே சிண்ட்ரோம். பிரெஞ்சுக்கார மருத்துவர்கள் பெயர். கிருமி ஒன்று உடம்புக்குள் வருகிறது. எனக்கு வயிற்றுப்போக்கைக் கொடுத்தது அதுதான். உடம்பின் காவல்படை அதை அடித்து விரட்டுகிறது. விரட்டிய பிறகும் ஆத்திரம் அடங்காமல், கிருமி மாதிரி இருக்கிறதே என்று சொந்த நரம்பின் மேலுறையையும் அடிக்க ஆரம்பிக்கிறது. மின்சார ஒயரின் மேலே இருக்கிற பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் கரண்ட் ஒழுங்காகப் போகாது அல்லவா, அந்தக் கதைதான். காலில் ஆரம்பித்து மேலே ஏறும். பெரும்பாலும் மறுபடி சரியாகும், ஆனால் எவ்வளவு நாளில், எவ்வளவு தூரம் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் மெல்லிய கரண்ட் கொடுத்து நரம்பின் வேகத்தைப் பார்த்தார்கள். நரம்பியல் மருத்துவர் சந்தேகமே இல்லை என்றார். காவல்படையை அடக்குவதற்கான மருந்தை ரத்தக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். ரொம்ப விலையான மருந்து. செலவைப் பற்றி நான் வாயெடுத்ததும் சாமுவேல், "அது என்னோட போர்ஷன். உனக்குப் பரீட்சைல வராது" என்று அடக்கிவிட்டார். இன்றுவரை அந்த போர்ஷன் எனக்கு நடத்தப்படவில்லை.

ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி அவ்வப்போது சோதித்தார்கள். எவ்வளவு தூரம் எண்ண முடிகிறதோ அவ்வளவுக்கு மூச்சுத் தசையில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் எண்ணியதில் பாதி மாலையில் வரவில்லை. மருத்துவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றச் சொன்னார். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

அந்த நேரத்தில் நான் சாவைப் பற்றி நினைத்தேன் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். ஆனால் நினைத்தது என் நாற்காலியை. ஸ்டெதஸ்கோப் எனக்கு அதிகம் தேவைப்படாது. அழுகிறவர் பக்கத்தில் எழுந்துபோய் நிற்க இரண்டு கால், கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு குரல், இவ்வளவுதான் என் தொழிலுக்கான சாமான். இரண்டும் போனால் நான் டாக்டரா? அந்தக் கேள்வியோடுதான் மயக்க மருந்தை வாங்கிக்கொண்டேன். தொண்டையில் குழாய் இறக்கி மூச்சு இயந்திரத்தில் இணைத்தார்கள்.

கண் விழித்தபோது மாநாட்டு அரங்கில் இருந்தேன்.

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள். அவை அணைவதே இல்லை, அதனால் பகல் எது இரவு எது என்று ஒன்றும் புரியாது. எதிரே பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து என் பேச்சுக்காகக் காத்திருக்கிறார்கள். இயந்திரம் "பீப்" என்று சத்தம் போடும்போதெல்லாம் நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடிக்கிறார்கள். நான் பேச வேண்டும், வாய்க்குள் யாரோ மைக்கைத் திணித்துவைத்திருக்கிறார்கள். மருந்து கொடுக்க வருகிற நர்ஸ் என்னைப் பேசவிடாமல் தடுக்க வந்த ஆள். ஐ.சி.யு.வில் இருக்கிறவர்களுக்கு வருகிற தற்காலிகக் குழப்பம் இது. உடம்பு மிகவும் நொந்திருக்கும்போது மூளையும் தடுமாறும், இல்லாதது எல்லாம் தெரியும், உடம்பு தேறினால் இதுவும் போகும். என் மாணவர்களுக்கு எத்தனையோ முறை நடத்திய பாடம். உள்ளே இருந்தபோது அதில் ஒரு வரிகூட எனக்கு உதவிக்கு வரவில்லை.

அதைவிட மோசம், சாமுவேல் வந்தபோது எனக்குக் குலை நடுங்கியது. அவர் சாமுவேல் இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதே சட்டை, அதே கண்ணாடி, அதே நரைத்த மீசை. ஆனால் ஆள் வேறு. யாரையோ தயார்செய்து அனுப்பியிருக்கிறார்கள். "என் பொண்டாட்டி நான் அவ புருசனே இல்ல, வேற ஆளுன்னு சொல்லுதா டாக்டர்" என்று ராயகிரியிலிருந்து ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதது உண்டு. அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அவர் மனைவிக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கத்த வேண்டும், குரல் இல்லை. ஓட வேண்டும், கால் இல்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

அந்தப் போலி மனிதர் கோபப்படவில்லை. ஒவ்வொரு தடவை வரும்போதும் கட்டில் பக்கத்தில் நின்று, "இது திருநெல்வேலி ஆஸ்பத்திரி. உனக்கு நரம்புல வியாதி. மருந்து குடுக்காங்க. நான் சாமுவேல். இப்ப சாயங்காலம்" என்று மெதுவாகச் சொன்னார். பிற்பாடு, இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "நீ வீட்ல போன்ல ஆளுகளுக்குச் சொல்லுவியே. எடம் சொல்லணும், நேரம் சொல்லணும், ஆரு எவருன்னு சொல்லணும், வம்பு வளக்கக் கூடாதுன்னு. எத்தன வருசமா காதுல விழுது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் இந்த மனிதர் கேட்டதே இல்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவர் பெயரைச் சொல்லியும் நான் நம்பவில்லை. நம்பவைத்தது வேறொன்று.

படுத்தே கிடந்ததில் என் தலைமுடி சிக்கு விழுந்துவிட்டது. வெட்டிவிடலாமா என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். சாமுவேல் வேண்டாம், நான் பின்னிவிடுகிறேன் என்றிருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள், ரூபா. கோவையில் படிக்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எனக்கு நைட் டியூட்டி வந்தால் இவர்தான் பின்னிவிடுவார், அவள் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போவாள். இப்போது என் தலைமாட்டில் நின்று அதே கைவரிசையைக் காட்டினார். வகிடு நெற்றியிலிருந்து புறப்பட்டு இடது காதுப் பக்கம் போனது. மூன்று கால் பின்னலில் ஒரு காலைத் தொலைத்துவிட்டு, "ஏ, அந்த ஒண்ணு எங்கன போச்சு?" என்று தேடினார். பிடரியில் சுளீர் என்று இழுத்தார்.

என் குழம்பிய மூளை அப்போது ஒரு தர்க்கம் செய்தது. போலி ஆளை அனுப்புகிறவர்கள் இவ்வளவு கேவலமாகப் பின்னுகிறவனை அனுப்பவே மாட்டார்கள். பயிற்சி கொடுத்தல்லவா அனுப்புவார்கள்! இவ்வளவு மோசமாகப் பின்ன உலகத்தில் ஒரே ஒருவரால்தான் முடியும். கண்ணைத் திறந்து பார்த்தேன். சாமுவேல். அவரேதான். நான் அழுததைப் பார்த்து, "வலிக்கா? ரொம்ப இழுத்துட்டனா?" என்று பதறிப்போனார்.

அதன் பிறகு அரங்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஆஸ்பத்திரியானது. வெளிநாட்டுக்காரர்கள் கலைந்துபோனார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். கண்ணை ஒரு தடவை சிமிட்டினால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. அந்த இரண்டு சொற்களோடு பல நாள் குடித்தனம் நடத்தினேன். வந்தவர்கள் எல்லோரும் தவறாமல், "தைரியமா இருங்க" என்றார்கள். நோயாளிகளிடம் இதைச் சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் வகுப்பு எடுத்தவள் நான். இரண்டு தடவை சிமிட்டினேன். யாருக்கும் புரியவில்லை.

குருவிகுளத்திலிருந்து பஸ் மாறி மாறி முப்பிடாதி வந்தாள். வந்ததும் என் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"டாக்டரம்மா, அம்மன் கோயில் புத்துமண்ணு. கால்ல பூசட்டுமா? உங்க சாமி கோவிச்சுக்கிடுமா?"

சாமுவேல் என்னைப் பார்த்தார். நான் ஒரு தடவை சிமிட்டினேன். அவள் தண்ணீரில் குழைத்து இரண்டு பாதத்திலும் பூசினாள். காய்வதற்குள் எங்கள் சபை போதகரும் வந்து சேர்ந்தார். மண்ணைப் பார்த்தார், முப்பிடாதியைப் பார்த்தார். பிறகு அந்த மண்ணின் மேலேயே கைவைத்துக் கண்ணை மூடி ஜெபித்தார். அவர் ஆமென் சொன்னபோது முப்பிடாதியும் சத்தமாக ஆமென் சொன்னாள். நரம்பியல் மருத்துவரின் மருந்து ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. யார் கணக்கில் வரவு வைப்பது என்று நான் குழப்பிக்கொள்ளவில்லை.

மாநாடு வந்தது. போக வேண்டியவள் கட்டிலில் கிடந்தேன். அதற்குள் மூச்சு இயந்திரத்தைக் கழற்றிவிட்டார்கள். தொண்டைத் துளையை யாராவது விரலால் பொத்தினால் நாலு வார்த்தை பேச வரும். கோவையிலிருந்து வந்து கூடவே இருந்த ரூபா பொத்தினாள். "முப்பிடாதியப் பேசச் சொல்லு" என்றேன். மாநாட்டுக்காரர்கள் வீடியோவில் பேச ஒத்துக்கொண்டார்கள். முப்பிடாதியும் அவளுடைய கூட்டாளிகளும் ஊரில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து பேசுவது, ரூபா ஆஸ்பத்திரியிலிருந்தே மொழிபெயர்ப்பது என்று ஏற்பாடு. பயிற்சியில் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொல்லியும் அவர்களுக்குத் தகவல் அனுப்பினேன். கால் மரக்குது, ஊசி குத்துது என்று யாராவது சொன்னால், கதை கேட்க உட்காரும் முன் தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து காட்டச் சொல்ல வேண்டும். எழுந்திருக்கத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு.

அன்று சாமுவேல் போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். முப்பிடாதி பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்திருந்தாள். எங்கள் பெண்கள் கஷ்டத்தை எப்படிச் சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாக விளக்கினாள். திரையில் ஆப்பிரிக்க நாடு ஒன்றிலிருந்து வந்த பெண் சுகாதாரப் பணியாளர் ஒருவர் கை தூக்கினார். தங்கள் ஊர்ப் பெண்களும் மனசு கஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள், தலைக்குள் எறும்பு ஊர்கிறது, உடம்பெல்லாம் சூடு ஓடுகிறது என்றுதான் சொல்வார்கள் என்றார். ரூபா அதைத் தமிழில் சொன்னாள்.

முப்பிடாதி அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அங்கனயுமா?" என்றாள். "ஏ மக்கா, அங்கனயும் அப்படித்தானா?"

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். வெளிநாடு போய்ப் படித்ததில் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைத்தது இல்லை. கூட்டத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். அந்த ஆப்பிரிக்கப் பெண்ணும் இவளும் ரூபாவை மறந்துவிட்டு ஒருவருக்கொருவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொண்ணும் சொல்லுதேன்" என்று ஆரம்பித்தாள். "எங்க டாக்டரம்மாவுக்கே கால்ல ஊசி குத்திச்சு. அவங்க என்ன பண்ணுனாங்க தெரியுமா? கூட்டத்துல பேசப் பயந்துக்கிட்டு இருக்கோம், டென்ஷன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. ஊருக்கெல்லாம் சொல்லி சொல்லி அவங்களும் அத நம்பிட்டாங்க! இப்ப ஆஸ்பத்திரில கெடந்து நம்மள எல்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க. அதனால இனிமே நாங்க மொதல்ல எந்திரிச்சு நிக்கச் சொல்லுவோம், பெறவுதான் பேச்சு."

ரூபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, இதையும் சொல்லவா?"

என் மானத்தை உலக அளவில் வாங்கிவிட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வரவில்லை, தொண்டைக் குழாய் வழியாக வெறும் காற்று விசிலடித்தது. நர்ஸ் ஓடிவந்து பார்த்தார். எனக்கு எதுவும் ஆகவில்லை, சிரிக்கிறேன் என்று சாமுவேல் விளக்கினார். ஒரு தடவை சிமிட்டினேன். ரூபா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, பாவி.

இனி மிச்சம் இருந்தது கால்கள். பிசியோதெரபி செய்ய வந்த பெண் தென்காசிக்காரி, பார்க்கப் பூ மாதிரி இருப்பாள், மனசு கருங்கல். வலிக்கிறது என்றால், "வலிக்கட்டும் மேடம், நரம்பு முழிக்கி" என்பாள். கட்டில் விளிம்பில் உட்காருவது முதலில். உட்கார்ந்ததும் ஒரு பக்கமாகச் சரிவேன், அவள் நிமிர்த்துவாள். அப்புறம் இரண்டு பேர் தாங்கி நிற்பது. குழாயை எடுத்து, தொண்டைத் துளை தானாக மூடிக்கொண்டபோது குரல் கரகரத்து வந்தது. நன்றாகப் பேச வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சண்டை போட்டேன்.

கைப்பிடி நாற்காலியிலிருந்து இரண்டு கையையும் ஊன்றி எழுந்தேன். பிறகு ஒரு கையை ஊன்றி. அதற்கு மேல் வாரக்கணக்கில் நகரவில்லை. ஆத்திரத்தில், "இது போதும், கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு நாள் அழுதேன். அவள் போய், சாப்பாட்டு அறையிலிருந்து கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து என் முன்னால் போட்டாள்.

அதில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றேன். ஒரு காலைவேளை சாமுவேல் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் குனிந்து, மூச்சைப் பிடித்து, தொடையைத் திட்டிக்கொண்டே ஒரு முக்கு முக்கினேன். தொடைகள் நடுங்கின. நாற்காலி எனக்குப் பின்னால் போனது. நின்றுகொண்டிருந்தேன்!

"ஏட்டி, நிக்கியா!" என்று சாமுவேல் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். இட்லித் தட்டு கீழே கிடந்தது. கருங்கல் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். ஒலிம்பிக்கில் ஜெயித்தவர்களுக்கு இதைவிட அதிகமாக என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்று வெகுநேரம் நின்றேன்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஒரு கையில் ஊன்றுகோல் இருந்தது. உச்சிகால பூஜை முடிந்து ஆட்டோக்கள் வரத் தொடங்கியிருந்தன. அறைக்குள் நுழைந்து பார்த்தால் என் இடத்தில் மெத்தை தைத்த, கைப்பிடி வைத்த புது நாற்காலி.

"சிஸ்டர், இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் டாக்டரம்மா. எல்லாரும் சேந்து வாங்குனோம்."

மனசு நெகிழ்ந்துபோனது. ஆனாலும் அதை நோயாளி பக்கம் போடச் சொல்லிவிட்டு, என் பழைய மொட்டை நாற்காலியைக் கேட்டேன். கோமதி தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கொண்டுவந்தார்.

திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். நெற்றியில் ஈரம் காயாத புற்றுமண். புது நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கால்ல ஊசி குத்துத மாதிரி இருக்கு டாக்டரம்மா. எல்லா டாக்டரையும் பாத்தாச்சு. டென்ஷன்னு சொல்லி இங்கன அனுப்பிட்டாங்க."

முன்பென்றால் பேனாவை மூடிவைத்துவிட்டு, வீட்ல என்ன நடக்கு என்று கேட்டிருப்பேன். இப்போது மேஜை இழுப்பறையைத் திறந்து சுத்தியலை எடுத்தேன். ஊன்றுகோலைத் தொடவில்லை. குனிந்து, மூச்சைப் பிடித்து, எழுந்து நின்றேன். மேஜையைச் சுற்றி நடந்து அவள் முன்னால் போனேன். முதலில் அவளைக் கையூன்றாமல் எழுந்து காட்டச் சொன்னேன். சட்டென்று எழுந்தாள். உட்காரச் சொல்லி, ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் போடச் சொன்னேன்.

என் முழங்கால் இன்னும் துள்ளுவதில்லை. இனிமேல் துள்ளாமலும் போகலாம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார், நடக்க அது தேவையில்லையாம். சுத்தியலை ஓங்கி அவள் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டினேன்.

கால் துள்ளி வந்து என் மேஜையில் மடார் என்று உதைத்தது. பேனாக்கள் உருண்டன.

"ஐயோ, நான் ஒதைக்கல டாக்டரம்மா, அது தானாப் போச்சு!" என்று அவள் பயந்துபோனாள். பயந்தவள், நான் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்து இன்னும் மிரண்டாள். "ஏன் சிரிக்கீங்க?"

"உங்க காலு ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். என் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "இப்ப சொல்லுங்க. வீட்ல என்ன நடக்கு?"